கீழே இல்லாத சுவர்

ஜூன் 4

அலுவலக வரவேற்பறையைப் புதுப்பிக்கிறார்களாம். மீன்தொட்டி இனி வேண்டாமாம். வேறு யாரும் கேட்காததால் எனக்கு. இருபத்திரண்டு வருடத்தில் நிர்வாகம் மனமுவந்து எனக்குக் கொடுத்த ஒரே பொருள், அதுவும் குப்பைக்குப் போக இருந்தது. ஒன்பது மீன்களும் குளியலறை வாளிகளில். அதிக நாள் தாங்காது.

ஜூன் 5

தண்ணீர் மட்டும் முந்நூறு கிலோ. கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் இன்னொரு நூறு. நாங்கள் இருப்பது மாடி; கண்ட இடத்தில் வைக்க முடியாது, பாரம் கீழே ஒரு சுவரில் இறங்க வேண்டும். அப்பா கட்டிய வீடு, வரைபடம் என்னிடம்தான். கீழே தம்பி வீட்டுக் கூடத்தையும் அறையையும் பிரிக்கும் சுவருக்கு நேர் மேலே இடம் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டேன். அரை அங்குலம் பிசகாது.

அவன் இதைப் பார்க்க வேண்டும். எனக்குப் பதவி உயர்வு கைநழுவிய சமயம், சொந்தக்காரர்கள் நடுவில், "அண்ணன் படிப்பெல்லாம் காகிதத்துலதான் நிக்கும்" என்று சிரித்தவன். ஏழு வருடமாகப் பேச்சில்லை.

ஜூன் 6

தொட்டி பாதி நிறைந்திருந்தது. பனியனோடு ஓடிவந்தான் தம்பி.

"குழாய மூடுண்ணே! மூடு!"

"என் வீட்டுல வந்து எனக்கே உத்தரவா?"

"அந்தச் சுவர எடுத்து நாலு வருஷமாச்சுண்ணே. கீழ சாப்பாட்டு மேசை கிடக்கு. என் பொண்ணு சின்னவ தினம் அங்கதான் உக்காந்து படிக்கிறா!"

மூடினேன். இருவரும் வாளி வாளியாக இறைத்தோம்.

நாலு வருடத்துக்கு முன் கீழே பத்து நாள் இடித்தார்கள். ஜன்னலை அறைந்து சாத்தினேனே தவிர, என்ன இடிக்கிறார்கள் என்று கேட்டேனா? இல்லை. தம்பிக்கு எப்படித் தெரிந்தது? போனில் அவன் மனைவியிடம் தொட்டி விஷயத்தைச் சொன்னது என் மனைவிதான். 'சுவர் இல்லன்னு எங்கிட்ட ஏன் சொல்லல' என்று பாய்ந்தேன்.

"கீழ் வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னீங்களே!"

அந்தப் பிள்ளை தலைக்கு மேல்— வேண்டாம், எழுதவில்லை.

ஜூன் 7

கொத்தனாரோடு தம்பி வீட்டுக்குள் போனேன். "மேல நின்னா தரைதான் சார் தெரியும். பீம் எங்க ஓடுதுன்னு கீழ வந்தாத்தான் தெரியும்" என்றார். ஜன்னல் பக்க வெளிச்சுவரோடு ஓடுகிறது. தொட்டிக்கு அதுதான் இடம்.

சுவர் இருந்த இடத்துக்கு மேலே, கூரையில் முடியளவு விரிசல். பழசா, நேற்றுப் பாதித் தொட்டியால் வந்ததா? அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். தினமும் பார்ப்பது தம்பியின் பொறுப்பு. நீளவில்லை என்றால் ஒட்டடைக் கோலால் கூரையை இரண்டு தட்டு தட்டுவானாம்.

ஜூன் 8

வெளிச்சுவரை ஒட்டி வைத்துப் பாதி நிரப்பினோம். தாங்கியை அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஏழு வருடத்துக்கு முன் சொன்னதை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஜூன் 9

டொக் டொக்.

ஜூன் 11

முழுத் தொட்டி. ஒன்பதும் உயிரோடு. யாருக்காவது நன்றி சொல்லத் தோன்றுகிறது. யாருக்கு என்று தெரியாமல் இல்லை.

ஜூலை 2

காலையில் தட்டவில்லை. எட்டரை. ஒன்பது. கீழே போனேன், விரிசலைப் பார்க்கத்தான்.

"மறந்துட்டேன்ணே. அது ஒரு நூல் கூட நீளல. கொத்தனார் போன வாரமே பழசுன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்குடா தினம் தட்டுன?"

அவன் தேநீர் போடப் போனான். சின்னவள் புத்தகங்களை ஒதுக்கி, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சுவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.