நீங்கன்னு சொல்ல அந்த வீட்டுல யாரு இருக்கா

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் எழுந்து நடமாடுறோம், இந்த வயசுல அதுக்குப் பேருதான் சுகம். அங்க நீயும் பேரனும் நோய்நொடி இல்லாம இருக்கணும்.

தையக்கடையில வேலை கொறஞ்சுபோச்சு. உங்கம்மாவுக்குச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கண்ணு தெரியல, ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள பாதிப் பொழுது போயிடுது. உங்கண்ணன் தனியாப் போனதுல இருந்து வீட்டுலயும் பேச்சு இல்ல, எங்களுக்கும் சேத்து மிஷினுதான் பேசுது. போன வாரம் நீ போன்ல சொன்னது நெஞ்சுலயே கெடக்கு. ரெண்டு பாஷையில புள்ள கொழம்புறான்னு டீச்சர் சொல்றாங்க, வாரத்துல அவன் அப்பா வீட்டுக்குப் போற ரெண்டு நாளும் இந்த ஊர் பாஷைதான், ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுத்துட்டு வந்து நான் ஒருத்தி எதுக்குப்பா மல்லுக்கட்டணும், தமிழை விட்டுடுறேன்னு சொன்னே. அந்த நேரம் பாத்துப் பேரன் போனைப் பிடுங்கி, தாத்தா வா, உக்காரு, வாயை மூடுன்னான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு.

வக்கீல் வீட்டுக் கிளி ஞாபகம் இருக்கா, வாசல்ல யாரு வந்தாலும் ஐயா இல்ல நாளைக்கு வான்னு சொல்லும். ஒருநாள் அந்த ஐயாவையே நாளைக்கு வான்னு சொல்லிடுச்சாம், மனுசன் பொண்டாட்டி முகத்தைப் பாத்து முழிச்சாராம். அது கெடக்கட்டும். காதுல விழுறதுதானே வாயில வரும். நீ களைச்சு வந்து அவன்கிட்டச் சொல்றதெல்லாம் வா, குளி, சாப்பிடு, தூங்கு. இருக்கறதே நீயும் அவனும், நீங்கன்னு நீ யாரைக் கூப்பிடுவே? உனக்கு மட்டும் யாரு உக்காந்து சொல்லிக்குடுத்தா? அத்தை, சித்தப்பான்னு ஏழெட்டுப் பேரு கத்துன கத்துல தானா வந்துச்சு.

நேத்து நடந்ததைக் கேளு. நீ போனை அவன் கையில குடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டே. இங்க கத்திரியைக் காணோம்னு நான் கத்த, உங்க மடியிலதான் இருக்கு, கண்ணை எங்க அடகு வெச்சீங்கன்னு உங்கம்மா பாய, நான் ஒண்ணு சொல்ல, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்கன்னுட்டா. பேரன் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சு முடிச்சு, தாத்தா, நீங்க வாயை மூடுங்கன்னான். நீங்கன்னாம்மா! அவன் வைதது எனக்குப் பாயசமா இறங்குச்சு.

அதனால தமிழை விட்டுடாதே தாயி. நீ சொல்லிக்குடுக்க வேணாம், உன் உடம்புல தெம்பு இல்லன்னு எனக்குத் தெரியும். நீ சமைக்கிறப்ப போனைச் சத்தமா வெச்சு அடுப்பு மேடையில வை, அவன் பாட்டுக்கு விளையாடட்டும். எங்களுக்கு எந்த நேரமா இருந்தாலும் சரி, எங்க தூக்கம் வருது. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம், அவன் காதுல விழுந்தாப் போதும். நாங்களும் பேசி ரொம்ப நாளாச்சு.

நின்ன காலுக்கு வெந்நீர் ஊத்து, மறந்துடாதே. நீயும் புள்ளையும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
உங்கப்பா. எழுதுனது தப்புத்தப்பா இருக்குன்னு உங்கம்மா சொல்றா, அதுக்கு நான் சொன்ன பதிலை நீ போன் போடுறப்ப கேட்டுக்க.