ஹெல்மெட் கழற்றிய ஒளியன்

மேஜை டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அச்சு மை வாசனை குப்பென்று அடிக்கிறது. போன வாரம் கூரியரில் வந்த நம் காமிக்ஸின் புது இதழ் உள்ளே கிடக்கிறது. நீ இருந்தால் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, "மை இன்னும் காயலடா, என்ன அவசரம் இவனுங்களுக்கு" என்பாய். நீ போன பிறகு வந்த முதல் இதழ் இது. இதைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீ மரக்காணம் கடைத்தெருவில் போர்டு எழுதினாய், நான் உப்பு லாரிகளுக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். காமிக்ஸ் போடலாம் என்று கிளம்பியபோது நான் எழுதிவந்தது ஒரு போலீஸ் கதை. நீ படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா மூஞ்சி போட மாட்டேன்பா. எங்க வீட்ல உயிருள்ளதுக்கு மொகம் வரையறது ஆகாது."

"வரைய வராதுன்னு சொல்லேன்டா."

"வராதுன்னே வச்சுக்கயேன்" என்று டீயை உறிஞ்சினாய்.

அப்படித்தான் நம் கதை விண்வெளிக்குப் போனது. அங்கே நல்லவன் கெட்டவன் எல்லாரும் ஹெல்மெட் போட்டாக வேண்டும் அல்லவா! நம் நாயகன் ஒளியனின் ஹெல்மெட் கண்ணாடியில் எதிரியின் கப்பல் தெரியும், உடைந்த நிலா தெரியும், முகம் மட்டும் தெரியாது. வாசகர்கள் அதில் ஏதோ பெரிய தத்துவம் இருப்பதாக எழுதினார்கள். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் காப்பாற்றிய கிரகங்கள் எல்லாமே நம் உப்பளம்தான். தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்களைத்தான் நீ மலைகளாக வரைந்தாய்.

நெஞ்சுவலி என்றதும் உன்னைப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கீழ்புத்துப்பட்டைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தொடரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பதிப்பாளர் சென்னையில் ஓர் ஓவியனைப் பிடித்துக் கொடுத்தார். நன்றாகவே வரைகிறான், பொறாமைப்படாதே. "ஒரு தடவையாவது ஒளியன் முகத்தைக் காட்டலாம் சார். மாடலுக்கு யாரோட போட்டோவாவது அனுப்புங்க" என்றான். நான் யோசிக்கவே இல்லை. உப்பளக் கரையில் நீ சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை அனுப்பிவிட்டேன். உனக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைப்பு எனக்கு. காற்றுள்ள ஒரு நிலாவில் இறங்கி ஒளியன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். பக்கம் முழுக்க நீ.

பார்த்ததும் அழுதேன். பிறகு பெருமையாக ஒரு பிரதியை உன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். உன் மனைவி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க மொகத்தையே வரையாத மனுஷன் அவரு. அவரு மொகத்தையே போட்டுட்டீங்களேண்ணா" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூடவே இருந்து பார்த்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? வெட்கமாக இருந்தது. கடைகளுக்குப் போன புத்தகத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. அடுத்த இதழில் முகத்தை மூடிவிடுகிறேன் என்று சொன்னேன்.

அதற்குள் உன் மகள் புத்தகத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "மாமா, அடுத்த புக்குலயும் அத்தா வருவாரா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுவது போல வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை அடுத்த இதழுக்கான கதையை அனுப்பினேன். முதல் கட்டத்தில் ஒளியன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறான். அந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆனது. உன்னை எடுத்த அன்று, "மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்க, மூடப் போறோம்" என்றார்கள். எனக்குத் தைரியம் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். வேறு யாரோ மூடினார்கள். இந்த முறை மூடியவன் நான். புத்தகம் வந்ததும் உன் மகள் பக்கம் பக்கமாகத் தேடுவாள். அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது நான் எழுந்து ஓடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.