புத்தகத்தில் இல்லாத இரண்டு கோல்கள்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது.

பாப்பா சுகம். முன்பல் ஒன்று விழுந்து இன்னொன்று ஆடுகிறது. அத்தானும் சுகம்தான். எனக்கு இடது புருவத்தில் நான்கு தையல். நீ வார்டில் தினமும் பார்க்கிற காயங்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. உன் அறைத்தோழி லீவு முடிந்து நாளை கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடாதே. கால்பந்துக் கோப்பை நம் பாட்டில் தொழிற்சாலை அணிக்குக் கிடைக்கவில்லை. அதனால் அத்தானுக்கு நிரந்தரக் கோச் வேலையும் இல்லை, கம்பெனி வீடும் இல்லை. "இன்னும் முடிவாகலை" என்று அவர் உன்னிடம் போனில் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. முடிவாகி ஒன்பது நாள் ஆகிறது. தோற்றதற்கு நான்தான் காரணம் என்று அவர் ஒருநாள் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் முழுதாகக் கேட்டுக்கொள்.

இறுதிப் போட்டி துறைமுகத்து அணியோடு. எழுபது நிமிடம் ஆகியும் கோல் இல்லை. நானும் அவர்களில் ஒருவனும் ஒரே பந்துக்கு எகிறி மண்டையை இடித்துக்கொண்டோம். அவன் எழுந்துவிட்டான். எனக்குக் கண்ணெல்லாம் ரத்தம். நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அவர்களுடைய நெட்டையன் காலில். அவனுக்கு முன்னால் நம் கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தவன், பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான், எனக்கு மருந்து போடட்டும் என்று.

அடிபட்டவனுக்காக இப்படி வெளியே தட்டிவிட்டால், பந்தை உள்ளே எறிகிற அணி அதை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த விதியிலும் இது இல்லை. பந்து ஆடுகிற எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

என்னைத் தூக்கிவந்து அத்தானின் காலடியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அத்தான் வாயருகே கையைக் குவித்து, "திருப்பிக் குடுக்காத, நேரா உள்ள போடு" என்று கத்தினார். நம் ஆள் எறிந்தான். இன்னொருவன் காவல் இல்லாத கோலுக்குள் உருட்டினான். உருட்டிவிட்டு ஏதோ மலையைப் பெயர்த்தவன் மாதிரி சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான். எனக்குக் குமட்டியது. தலையில் அடிபட்டதால்தான் குமட்டுகிறது என்று மருந்துப்பெட்டிக்காரர் பயந்துபோனார்.

நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்தார். எதற்கு என்கிறாய்? சட்டையைக் கழற்றியதற்கு. அது விதிப் புத்தகத்தில் இருக்கிறதாம். துறைமுகத்துக்காரர்கள் சூழ்ந்துகொண்டபோது, "எழுதாததுக்கு நான் எப்படிங்க விசில் ஊதறது?" என்று கையை விரித்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய கேப்டன், வயதான கிரேன் ஓட்டுநர், அத்தானிடம் வந்து, "ஒரு கோல் எங்களைப் போட விடுங்க, சரியாப் போயிடும்" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அத்தான் சிரித்துக்கொண்டே, "புத்தகத்துல இருக்கா? காட்டுங்க" என்றார். பின்னால் பெஞ்சில் பாப்பா எழுந்து நின்று கை தட்டினாள். எங்கப்பாவுக்கு எவ்வளவு மூளை பாருங்க என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்.

கட்டுப் போட்டுக்கொண்டு நான் மறுபடி உள்ளே போனேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நம் கோலுக்கு முன்னால் பந்து என்னிடம் வந்தது. நம் கோல்கீப்பர் தனக்குத் தரப்போகிறேன் என்று நினைத்து முன்னால் வந்தான். அவனைத் தாண்டி நம் வலைக்குள்ளேயே அடித்தேன். அடிக்கக்கூடாது என்றும் புத்தகத்தில் இல்லை. ஒன்றுக்கு ஒன்று, சமம். பிறகு பெனால்ட்டியில் தோற்றோம்.

நியாயத்துக்காக அடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். இல்லை அக்கா, அருவருப்பில் அடித்தேன். என் ரத்தத்தைக் காட்டிப் பிச்சை வாங்கி, கொடுத்தவன் முகத்திலேயே துப்பிய மாதிரி இருந்தது. காலைத் தூக்கும்போது உன் நினைவு வந்தது. கம்பெனி வீட்டின் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீ கேட்டது நினைவு வந்தது. வந்தும் அடித்தேன். அதை நினைத்தால் என் மேலேயும் எனக்குக் குமட்டுகிறது.

பாட்டில் தொழிற்சாலையில் என்னோடு யாரும் பேசுவதில்லை. என் லாக்கரில் அழுகிய முட்டை வைத்திருந்தார்கள். அன்று ஆட்டம் முடிந்ததும் துறைமுகத்துக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தபோது அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நெட்டையன் மட்டும் தையல் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போனான். வீட்டில் அத்தான் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். உன்னைக் கூட்டிவரத்தான் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாதா? தெரிவதால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

நீ வரப்போவதில்லை என்று பாப்பாவிடம் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. அவள் அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து, அம்மா சேலைக்கு என்று துடைத்து வைத்திருக்கிறாள். அத்தான் சொல்ல மாட்டார். உன்னாலும் முடியாது. பந்தை அடித்தவன் நான், நான்தான் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவளை என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். முதல் வரியை மட்டும் நீ எழுதி அனுப்பு. அதற்குக் கீழே என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தம்பி