விளக்கேற்ற மட்டும்

மே 18, ஞாயிறு

இன்றைய முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் கவிதை வாசிக்கத் தோழி சமரை அழைத்தவள் நான்தான். பாலஸ்தீனக்காரி, ஆக்லாந்தில் கிடைத்த மேடையெல்லாம் ஏறித் தன் மண்ணுக்காகக் கவிதை சொல்கிறவள். தொடங்குமுன் தமிழ்ச் சங்கச் செயலாளர் சபேசன் அண்ணா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, எம்.பி. வாறார். உம்மட சிநேகிதி விளக்கை மட்டும் ஏத்தட்டும். கவிதை வேண்டாம்.”

“ஏன் அண்ணா?”

“அவையின்ர பிரச்சினை வேற, எங்கட வேற.”

தலையாட்டினேன். சமரிடம் நேரம் போதாது என்று பொய் சொன்னேன். அவள் தாளை மடித்துவைத்துவிட்டு விளக்கேற்றினாள்.

எம்.பி. வரவேயில்லை. அவருக்கென ஒதுக்கிய அரை மணி நேரமும் மேடை வெறுமையாகக் கிடந்தது. முன்வரிசையில் இருந்து சமர் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது தாளை என் கையில் தந்தாள்.

இப்போதுதான் விரித்தேன். முதல் வரியிலேயே முள்ளிவாய்க்கால் என்று எழுதியிருக்கிறாள்.