மூன்றாம் நாள் சிவத்த வெள்ளி

தம்பி, இதெல்லாம் நடக்கும் என்று அப்போதே சொன்னவன் நான். நீர் வானம் பார்த்து எழுதிய கொப்பி ஒரு நாள் கொழும்புக்குப் போகும் என்று உருத்திரபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தது யார்? இன்று காலை உமது தங்கச்சி முல்லைத்தீவிலிருந்து அதைக் கொண்டுவந்து தந்தாள். விரித்ததும் அதே மண்ணெண்ணெய் மணம்.

"அண்ணையைப் படிப்பிச்ச பேராசிரியர் கேட்டு எழுதியிருக்கிறார். நாளைக்கு அனுப்பப் போறன். பிழை ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ," என்றாள்.

பிழையா? நான் இருக்கும்போதா?

நீர் எங்கள் குளத்தின் நீர்மட்டம் குறிக்க வந்த உத்தியோகத்தர், நான் குளத்துக் காவல்காரன். பொழுதுபட்டால் குளக்கட்டில் தொலைநோக்கியை ஊன்றித் தெற்கே பார்ப்பீர். குருசு வடிவில் நாலு வெள்ளிகள். பக்கத்தில் சின்னதாய் ஒரு நட்சத்திரக் கூட்டம். எல்லாம் நீலம், நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு.

"எல்லாம் ஒண்டாப் பிறந்ததுகள், அண்ணை. வயசும் ஒண்டு. ஆனா பெருசுதான் கெதியா எரிஞ்சு முடியும். அந்தச் சிவத்தது முடியப்போகுது."

"பெருசுக்கு எரிக்கக் கூட இருக்குமெல்லோ?" என்று மடக்கினேன்.

"உங்கட பெற்றோமாக்ஸ் விளக்குக்கும் எண்ணெய் கூடத்தான். குப்பி விளக்குக்கு முதல் அதுதானே அணையுது?"

எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று தலையாட்டினேன், அடுத்த நாள் நானே கண்டுபிடித்ததாக ஊருக்குச் சொன்னேன்.

பிறகு தங்கச்சியின் கலியாணத்துக்கு மூன்று நாள் போனீர். பக்கத்து நீலத்தைவிடச் சிவத்ததுக்கு வெளிச்சம் கூடவா குறைவா என்று குறிக்கும் வேலை என்னுடையதாயிற்று. முதல் இரண்டு நாளும் "முந்தியபடி". மூன்றாம் நாள் "இரண்டு மடங்கு வெளிச்சம்". திரும்பி வந்து அந்த வரியை விளக்கடியில் பிடித்து மூன்று தரம் படித்தீர்.

"அண்ணை, உண்மையாப் பாத்தனீங்களோ?"

"பின்னை? இந்தக் கண்ணாலை பாத்தனான்!"

அது மறுபடி பொங்கும் என்று அதற்குப் பிறகு நீர் ஓர் இரவும் பார்க்காமல் விடவில்லை. காய்ச்சலோடும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டுக்கு வந்தீர். அந்தக் காய்ச்சலே உம்மைக் கொண்டுபோயிற்று. உம்மோடு வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களில் பெரிய மூளைக்காரன் ஏன் முதலில் போனான் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

என் வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறீர். பக்கத்தில் உமது எழுத்து: "அண்ணை ஊர்க்கதையில் அளப்பார். இதில் அளக்கமாட்டார்."

உத்தியோகத்தர் இல்லாத வேளை நீர்மட்டம் பார்க்கத் தவறிய நாளுக்கு, காவல்காரர் நாங்கள் ஏதோ ஓர் அளவைப் போட்டு நிரப்புவோம். குளம் கோபிப்பதில்லை. வெற்றிடம் விட எனக்கு மனம் வராது, தம்பி. நிரப்பும்போது கொஞ்சம் அழகாக நிரப்பிவிடுவேன்.

உமது பென்சில் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதாலேயே அந்த வரியைக் கோடு போட்டு வெட்டினேன். தங்கச்சி வரும்போது வாயாலும் சொல்லுவேன்.

அந்த மூன்றாம் நாள் வானம் முழுக்க முகில். நான் கட்டுக்கே போகவில்லை.