சிரிப்புப் படத்தில் அம்மா அழுதாள்

முடிச்சூர்
23-1-88, சனிக்கிழமை

அன்பு மகள் ரஞ்சிதத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நாட்கள் ஓடுகின்றன. நீயும் மாப்பிள்ளை சாலமோனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இதயத்தைச் சோதித்த டாக்டர் வியாழக்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்த வருஷம் அவள் விமானம் ஏறக் கூடாதாம். தலைப்பிரசவத்துக்கு உன்னை இங்கே அழைத்து வரத்தான் முடியவில்லை, பெற்றவளாவது அங்கே வந்து பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்தோம், அதுவும் இல்லையென்று ஆகிவிட்டது. எனக்கே மனசு ஆறவில்லை, அவளைப் பற்றி என்ன சொல்ல.

இந்த நேரத்தில் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசன் சார் வந்து, இன்று மத்தியானம் காலேஜில் பழைய ஸ்வீடன் படம் போடுகிறார்கள், சிரிப்புப் படம்தான், ஞானம்மாளைக் கூட்டிப் போங்கள், மகள் இருக்கும் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும் என்றார். எனக்கும் சரியென்று பட்டது. உன்னிடம் வருவதற்கென்று எடுத்த கத்தரிப்பூக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். படம் கறுப்பு வெள்ளை. ஒரு பேங்கு குமாஸ்தா, வீட்டு வேலை என்ன பெரிய வேலையா என்று வாய்விட்டுவிடுகிறார், உடனே அவர் பெண்டாட்டி தொப்பியை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அப்புறம் இவர் சூப்பைத் தீய்ப்பதும், துவைத்துக் காயப்போட்ட சட்டை பனியில் பலகையாக விறைத்து நிற்பதும் ஒரே கூத்து. மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மா மட்டும் படத்தை விட்டுவிட்டு உன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுப்பு எங்கே, வெந்நீர் எங்கே, குழந்தையை எங்கே குளிப்பாட்டுவார்கள் என்று என் காதில் கேட்டபடியே இருந்தாள். பால் வாங்கப் போன குமாஸ்தா தெருவில் உறைந்து கிடந்த ஐஸில் வழுக்கி, ஆள் ஒரு பக்கம் பால் ஒரு பக்கம் என்று விழுந்தார், ஹாலே அதிர்ந்தது. இவள் ஐயோ ஏசுவே என்று எழுந்து நின்றுவிட்டாள். இன்னாங்க, எம்பொண்ணு நெறமாசத்துல இதுலதான் நடந்துகினு போறாளா, கையப் புடிக்க யாரு கீறாங்க என்று சத்தமாகக் கேட்டு அழுதாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இது நாற்பது வருஷத்துப் பழைய படம் ஞானம் என்றேன். படம் பழசு சரி, ஐஸு பழசாயிடுமா என்றாள். பாதியிலேயே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது, பிரசவத்துக்குன்னு மாப்பிள்ளைக்கு அங்க லீவு குடுத்தா மட்டும் சமையல் வந்துடுமா, அந்தாளு மாதிரிதான் தீய்ப்பாரு என்று புலம்பினாள். அப்படியானால் நான் போகட்டுமா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, சுடுதண்ணி வெக்கத் தெரியாத ஆளு பத்தியம் பொங்கப் போறாராம் என்று சிரித்தாள் மகளே, வியாழக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டாள். இன்றைக்குப் பூண்டு ரசம், கடுகு முகத்திலெல்லாம் தெறித்தது. அடுத்த வாரம் சுறாப்புட்டாம், பால் சுரக்க அதுதான் நல்லதாம். அந்த ஊரில் சுறா கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள்.

பிரசவம் பார்க்க அப்பன் போனான் என்று நம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஞானையா பெரியப்பா காதுக்குப் போனால் கோயில் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், சிரிக்கட்டும். எனக்கு வருத்தமெல்லாம் ஒன்றுதான், இது அவளுக்கு வர வேண்டிய நாள், அவள் இடத்தில் நான் வந்து நிற்கப் போகிறேன். ஆஸ்பத்திரிப் பக்கம் எனக்கு வேலையில்லை, நான் சமையலறையோடு இருந்துகொள்வேன். உனக்குக் கூச்சமாக இருந்தால் ஒளிக்காமல் எழுது, அப்பா தப்பாக நினைக்க மாட்டேன். சம்மதமென்றால் அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு என் பெயருக்கு எடுக்க மாப்பிள்ளையிடம் சொல்லு, அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோதே எனக்கும் எடுத்தாயிற்று.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் கைக்குள் வைத்துக் காப்பாராக. வெளியே போனால் மாப்பிள்ளை கையை விடாதே. பதில் உடனே போடு.

உன் அன்பு அப்பா
பா. வேதசிரோமணி

ரஞ்சி, மீதி இடத்துல அம்மா எழுதறேன். அப்பா வரட்டும், வேணான்னு சொல்லாதே. ரசத்துல உப்பு தூக்கலா இருந்தாலும் பேசாம சாப்பிடு. ஆனா வலி எடுக்கும்போது, வந்திருக்கிறது அப்பாதானேன்னு பார்க்காதே. அம்மான்னே கத்து.