ஆளுக்கு மூன்று சொல்

சுங்குவார்சத்திரம்,
ஞாயிறு.

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் நலம், டப்ளினில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் சொன்னால் சிரித்தே பாதியை விழுங்கிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

எங்கள் அசெம்பிளி லைனுக்கு ஒரு லீடர் வேண்டும், இங்கிலீஷ் டெஸ்ட் வைத்து எடுப்போம் என்று கம்பெனியில் சொன்னார்கள். லீடருக்கு எப்போதும் பகல் ஷிஃப்ட். உனக்கு ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் என் போன் லாக்கரில் கிடக்கிறதே, அதற்காகவே எனக்கு அந்த வேலை வேண்டும் என்றிருந்தது. ஸ்லோவா ஸ்லோலியா, டைட்டா டைட்லியா என்று கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், மொத்தம் பதினெட்டுச் சொல், பட்டியலும் கொடுத்துவிட்டார்கள். தபாலில் படித்து பி.ஏ. வாங்கிய பாவத்துக்கு மற்ற ஆறு பெண்களுக்கும் நானே டீச்சர். ஸ்குரூ எப்படி இருக்கிறது என்றால் டைட், அதை எப்படி முடுக்குகிறோம் என்றால் டைட்லி என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் தங்கமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. யக்கா, லைன்ல எனக்கு மூணு ஸ்குரூதான, இங்க மட்டும் பதினெட்டையும் நானே முடுக்கணுமாக்கும் என்றாள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது, எனக்கும்தான். ஆளுக்கு மூன்று சொல் என்று பிரித்துக்கொண்டோம், நான் எப்போதும்போல் கடைசியில் செக்கிங்.

கேண்டீனில் வரிசையாக உட்காரவைத்தார்கள். மணி அடித்ததும் பேப்பர்கள் இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தன. சூப்பர்வைசர் இளம்பரிதி வந்தார், திட்டப்போகிறார் என்று பார்த்தால், பழக்கத்தில் வாட்ச்சைப் பார்த்து, இன்னாம்மா செல்லக்கனி, உன்னாண்ட நாலு பேப்பர் தேங்கிக்கினு கீது, தள்ளு தள்ளு என்கிறார். ஏழும் நேரத்துக்கு முன்பே முடிந்தன.

சாயங்காலம் எச்.ஆர். பூமா மேடம் பேப்பர்களோடு வந்தார். ஏழிலும் ஒரே தப்பு, ஏழிலும் மூலையில் டிக் போட்டு மு.செ. என்று கையெழுத்து. யார் இந்த மு.செ. என்று கேட்டார். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நான், உனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து, பாஸ் பண்ணி விட்டது நாந்தான் மேடம், இவங்க மேல தப்பில்ல என்றேன். உங்களை டெஸ்ட் எழுதச் சொன்னோமா, புரொடக்‌ஷன் பண்ணச் சொன்னோமா என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் தனித்தனி மேஜையில் மறுபடி டெஸ்ட். ஆறு பேரும் அவரவர் மூன்று சொல்லை நிரப்பிவிட்டுப் பேப்பரை வலப்பக்கம் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்கள், வாங்க ஆளில்லை. ஐந்து பேருக்கு மும்மூன்று மார்க், ஒருத்திக்கு மட்டும் இரண்டு. எல்லோர் வேலையையும் செக் பண்ணிய எனக்குப் பதினேழு. எங்கள் இருவருக்கும் போன அந்த ஒன்று அதே பழைய தப்புதான், ஃபாஸ்ட்லி என்று எழுதியிருந்தோம், ஃபாஸ்டுக்கு அந்த லி வாலே கிடையாதாம். தங்கமாரி மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் வந்து, லீடரக்கா, மொத பர்மிஷன் எனக்குத்தான் பாத்துக்கிடுங்க என்றாள்.

ஒன்றாம் தேதியிலிருந்து பகல் ஷிஃப்ட். ஆறு மணிக்கு வெளியே வந்துவிடுவேன், அப்போது உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், மறக்காமல் கூப்பிடு. வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. வல்லக்கோட்டை முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
முத்துச்செல்வி

இந்தக் கடிதத்தின் மூலையிலும் டிக் போட்டிருக்கிறேன் பார், கை கேட்கவில்லை. உள்ளே தப்பிருந்தால் பாஸ் பண்ணி விட்டது நான்தான்.